விலக்கும் வலிமை உள்ளவர்க்கே எடைப்போர்வை

உறக்கமின்மை நோயாளியை மட்டும் வருத்துவதன்று. உடனிருந்து காப்பவர்களின் இரவையும் அது பறித்துக்கொள்கிறது. ஆகவே, உறக்கம் தரும் என்று ஒரு பொருளை எவரேனும் சொன்னால், குடும்பத்தார் அதனை உடனே வாங்க முற்படுவது இயல்பே. கடைகளில் ‘வெயிட்டட் பிளாங்கெட்’ என்னும் பெயரில் விற்கப்படும் எடைப்போர்வை அத்தகைய பொருள்களுள் ஒன்று. துணியைச் சிறுசிறு கட்டங்களாகத் தைத்து, அவற்றினுள் கண்ணாடி மணிகளையோ பிளாஸ்டிக் குருணைகளையோ நிரப்பி இதனைச் செய்கின்றனர். இதனை வாங்கலாமா, யாருக்கு வாங்கலாம் என்பது குறித்து எங்கள் கருத்தை இங்கே முன்வைக்கிறோம்.

எடைப்போர்வையை வெறும் வணிகத் தந்திரம் என்று ஒதுக்கிவிட நாங்கள் விரும்பவில்லை. அழும் குழந்தை மார்போடு அணைத்தவுடன் அடங்குகிறது. அஞ்சியவரின் தோளில் அழுத்தமாக ஒரு கை பதிந்தால் அவர் மூச்சு சீராகிறது. உடல் முழுவதும் ஒரே சீராகப் படியும் அழுத்தமும் அவ்வாறே பதற்றத்தைத் தணிக்கக்கூடும் என்பதே இப்போர்வையின் அடிப்படை. மனச்சோர்வு, பதற்ற நோய் போன்றவற்றோடு உறக்கமின்மையாலும் துன்புற்ற 120 பேரைக் கொண்டு சுவீடனில் நிகழ்ந்த ஓர் ஆய்வு 2020ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நான்கு வாரங்களின் முடிவில், எடைப்போர்வை பெற்றவர்களுள் ஏறத்தாழ 59 விழுக்காட்டினருக்கு உறக்கமின்மையின் கடுமை பாதியாகவோ அதற்கும் மேலாகவோ குறைந்திருந்தது. இலேசான போர்வை பெற்றவர்களுள் அவ்வாறு பயனடைந்தோர் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரே.

எண்கள் ஊக்கமளிப்பவைதாம். ஆயினும், மாத்திரை ஆய்வுகளில் எது மருந்து, எது வெற்று மாத்திரை என்பதை மறைக்க இயலும். போர்வையின் கனத்தை, அதனைப் போர்த்தியவரிடமிருந்து மறைக்க இயலாது. எனவே எதிர்பார்ப்பின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். பிரிட்டனில் ஆட்டிசம் உடைய 67 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வில், கருவி கொண்டு அளந்தபோது எடைப்போர்வையால் உறக்க நேரம் கூடவில்லை. எனினும் குழந்தைகளும் பெற்றோரும் அப்போர்வையையே விரும்பினர். இதிலிருந்து நாங்கள் உணர்வது இதுதான்: எடைப்போர்வை சிலருக்கு இதம் தரும், அதனைச் சிகிச்சை என்று கொள்ளலாகாது.

இதம் தரும் பொருள் எல்லார்க்கும் தீங்கற்றது என்று எண்ணிவிடுவதிலேதான் ஆபத்து இருக்கிறது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் மீதோ அருகிலோ எடையேற்றிய எதனையும் வைக்கவே கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2022இல் அறிவுறுத்தியது. அதே ஆண்டில் அந்நாட்டில், சிப் வைத்த எடைப்போர்வை உறையினுள் நுழைந்து சிக்கி இரு சிறுமியர் உயிரிழந்தனர். அப்போர்வைகள் விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன.

பெரியவர்களுள்ளும் சிலருக்கு இப்போர்வை பொருந்தாது. உறக்கத்தில் மூச்சுத்தடை உள்ளவர்கள், நுரையீரல் நோயாலோ இதயச் செயலிழப்பாலோ மூச்சுத் திணறுபவர்கள், நீரிழிவினால் காலில் உணர்ச்சி குன்றியவர்கள், படுக்கைப் புண்ணோ ஆறாத அறுவைக் காயமோ உடையவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் இதனைப் பயன்படுத்தலாகாது. மருத்துவமனைப் படுக்கையில் குளுக்கோஸ் குழாய், சிறுநீர்க் குழாய் முதலியன போர்வையின் கனத்தால் நசுங்கவும் இழுபடவும் கூடும். எனவே வார்டுக்குக் கொண்டுவருமுன் செவிலியரிடம் தெரிவியுங்கள்.

இன்னொன்றையும் தயக்கமின்றிக் கூற விரும்புகிறோம். மறதி நோயுள்ள முதியவர் இரவில் அடிக்கடி எழுந்து நடமாடுவார். அவர் விழுந்துவிடுவாரோ என்னும் அச்சத்தால் வீட்டிலுள்ளோர் கண்ணயர முடிவதில்லை. கனமான போர்வையைப் போர்த்தினால் எழாமல் கிடப்பார் என்ற எண்ணம் அக்களைப்பில் தோன்றுவது இயற்கை. அதற்காக எவரையும் நாங்கள் பழிக்கமாட்டோம். ஆனால் அந்நிலையில் போர்வை போர்வையாக இராது, கட்டாகிவிடும். அவர் எழுவதற்குக் காரணம் உண்டு. சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கலாம். வலியோ தாகமோ இருக்கலாம். சொல்லத் தெரியாதவரின் எழுச்சியே அவருடைய சொல். அதனை எடையால் அடக்காமல், காரணத்தை அறிந்து நீக்குவதே முறை. பக்கவாதத்தால் கை தளர்ந்தவருக்கும், மயக்கம் தரும் மருந்து உட்கொள்பவருக்கும், போர்வையை விலக்கத் தெரியாத குழந்தைக்கும் இதுவே பொருந்தும்.

ஆகவே வாங்க விரும்புவோர்க்கு ஓர் எளிய சோதனையைப் பரிந்துரைக்கிறோம். பகற்பொழுதில், விழித்திருக்கும்போது, ஒருவர் அருகிலிருக்கப் போர்த்திப் பாருங்கள். பிறர் துணையின்றித் தாமே அதனை எளிதில் விலக்கிவிட முடிகிறதா? போர்த்திக்கொள்ள அவரே விரும்புகிறாரா? இரண்டிற்கும் ஆம் என்பது விடையானால் மட்டும் இரவில் பயன்படுத்தலாம். தலையை மூடாமலும், ஓரங்களை மெத்தையின் அடியில் செருகாமலும் போர்த்துங்கள். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று விற்பனையாளர் கூறும் கணக்கு ஒரு தோராயமே. குறைந்த எடையில் தொடங்குவது நன்று. நம் ஊர்க் கோடையின் புழுக்கத்தில் இப்போர்வையே உறக்கத்தைக் கெடுக்கவும் கூடும்.

வாரத்தில் மூன்று இரவுகளேனும், மூன்று மாதங்களுக்கு மேலாக உறக்கம் வாராதிருந்தால், கடைக்குச் செல்லுமுன் மருத்துவரிடம் வாருங்கள். உரத்த குறட்டை, நள்ளிரவு மூச்சுத்திணறல், நீங்காத துயரம் ஆகியவற்றிற்குப் போர்வை மருந்தாகாது. நாட்பட்ட உறக்கமின்மைக்கு, எண்ணங்களையும் பழக்கங்களையும் சீர்ப்படுத்தும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையே முதன்மையானதாக மருத்துவ உலகம் பரிந்துரைக்கிறது. அதனோடு, விரும்பி ஏற்பவர்க்கு எடைப்போர்வையும் துணையாக இருக்கட்டும். வேண்டாத போது விலக்கும் உரிமையும் வலிமையும் அவர் கையிலேயே இருக்க வேண்டும்.