புதிதாக வருகிறவர்கள்

2024 நவம்பர் மாதக் கடைசியில் ஒரு மாலை. சென்னையில் வாலிபால் ஆட்டம் முடிந்து, மாணவியர் பத்துப் பேருடன் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். பெட்டியில் நல்ல கூட்டம். சிப்காட் ஆலைகளுக்கு இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள், கடையை மூடிவிட்டு மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் திரும்புகிறவர்கள், கல்லூரி மாணவர்கள் என்று பலதரப்பட்டவர்கள். ஆனால் அனைவருக்கும் பேச்சு ஒன்றுதான். ஜெட்டாவில் அப்போதுதான் கிரிக்கெட் ஏலம் முடிந்திருந்தது. சென்னை அணிக்குப் புதிதாக யார் யார் வருகிறார்கள்? அஸ்வினை 9 கோடியே 75 லட்சத்துக்கு எடுத்தது சரியா? நம் ஊர்ப் பிள்ளை வீட்டுக்குத் திரும்பியிருக்கிறான் என்று ஒருவர். வயதாகிவிட்டதே என்று இன்னொருவர். திருவொற்றியூரில் தொடங்கிய வாதம் கவரைப்பேட்டை வந்த பிறகும் முடியவில்லை.

நான் அதைக் குறை சொல்லவில்லை. உண்மையில் ரசித்துத்தான் கேட்டேன். நாளெல்லாம் இயந்திரத்தோடு நின்று உழைக்கிற மனிதர், தமக்கு ஒரு காசும் வராத ஒரு விஷயத்தில் இவ்வளவு அக்கறை கொள்வது அழகுதானே? அப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர், நாங்க புதுசா டீம்ல வர்றப்போ யாராவது இப்படிப் பேசுவாங்களா?"

அந்தக் கேள்விக்கு அன்று நான் சரியான பதில் சொல்லவில்லை. இந்த மலரின் பக்கங்களில் சொல்ல முயல்கிறேன்.

புதியவர்களைப் பற்றிப் பேசுவது ரசிகர்களுக்கு உலகம் எங்கும் உள்ள பழக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பனிக்கட்டித் தளத்தின் மேல் சறுக்கிக்கொண்டு ஆடும் ஹாக்கிக்குப் பெரும் மதிப்பு உண்டு. அங்கே ஒரு மாணவன் கல்லூரி வாசலை மிதிப்பதற்கு ஓராண்டு ஈராண்டு முன்பே, அவன் எந்தப் பள்ளியில் படிக்கிறான், எவ்வளவு உயரம், எத்தனை கோல் போட்டான் என்பதெல்லாம் ரசிகர்களுக்கு மனப்பாடம். அவ்வளவு தூரம் போவானேன்? நம் கோவில்பட்டியில் இல்லையா? தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர்போன அந்த ஊர், ஹாக்கிக்கும் பெயர்போனது. லட்சுமி அம்மாள் நினைவுப் போட்டி நடக்கும் நாட்களில் வெளியூர் அணிகளின் புது ஆட்டக்காரர்களை எடைபோடுகிறவர்கள் அங்கே ஏராளம். 2022-ல் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் அரியலூர் கார்த்தி செல்வமும் இந்திய அணிக்குத் தேர்வானபோது, தங்கள் வீட்டுப் பிள்ளையே தேர்வானதுபோல் ஊர் மகிழ்ந்தது. இப்படிப்பட்ட பேச்சு ஒரு விளையாட்டுக்கு உரம். பேச ஆள் இருக்கிற இடத்தில்தான் ஆட ஆள் வருகிறார்கள்.

என் வருத்தம் வேறு. அந்த ரயில் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு, 2024 அக்டோபரில், டில்லியில் இன்னோர் ஏலம் நடந்தது. அது ஹாக்கி இந்தியா லீக் ஏலம். அதில் தமிழ்நாட்டின் பெயர் தாங்கிய ஆண்கள் அணி ஒன்று இருந்தது. மகளிருக்கும் அந்த ஆண்டுதான் முதன்முறையாக லீக் ஏற்பட்டது. நான்கு அணிகள், அவற்றில் தமிழ்நாட்டுக்கு ஒன்றும் இல்லை. உதிதா என்ற வீராங்கனையை 32 லட்ச ரூபாய்க்கு வங்காள அணி எடுத்தது. மகளிர் ஏலத்தில் அதுவே உச்சத் தொகை. ராஞ்சியில் நடந்த இறுதி ஆட்டத்தில் 2025 ஜனவரி 26 அன்று ஒடிசா அணி வென்றது. நம் ரயிலில் இதைப் பற்றி ஒரு வார்த்தையாவது யாரேனும் பேசியிருப்பார்களா?

2024 டிசம்பரில் பெங்களூரில் மகளிர் கிரிக்கெட் ஏலம். தமிழ்நாட்டைச் சேர்ந்த ஜி. கமலினிக்கு அப்போது வயது 16. அடிப்படை விலை 10 லட்சம் என்றிருந்த அந்தப் பெண்ணை மும்பை அணி 1 கோடியே 60 லட்சத்துக்கு எடுத்தது. 2023-ல் அந்த மகளிர் லீக் ஐந்து அணிகளோடு தொடங்கியபோதே சென்னைக்கு அணி கிடையாது. நம் மாணவியரின் வயதையொத்த ஒரு தமிழ்ப் பெண்ணை மும்பை ரசிகர்கள் எங்கள் பெண் என்று கொண்டாடினார்கள். நம்மில் எத்தனை பேருக்கு அவள் பெயர் தெரியும்?

ஆகவே மாணவியின் கேள்விக்கு முதல் பதில் இது: பேசுவதில்லை அம்மா, பேச வேண்டும்.

ஆனால் பேச்சு இருந்தால் மட்டும் போதுமா? எப்படிப் பேசுகிறோம் என்பதும் உண்டு. இதற்கு என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், தூரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த மாணவியை அணியில் புதிதாகச் சேர்த்தோம். நல்ல உயரம், கை வேகம் அபாரம். அவளுக்காக ஒரு மூத்த மாணவி வெளியே உட்கார நேர்ந்தது. முதல் ஆட்டத்திலேயே புதியவள் அடித்த சர்வீஸ்கள் மூன்று வலையில் விழுந்தன. எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்ற பெற்றோர் சிலர், "இவளை யார் எடுத்தது? நம்ம பிள்ளைகளுக்கு இடம் இல்லையா?" என்று அவள் காதில் விழும்படியே பேசினார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். ரயிலில் பேசுகிற பழக்கம் மைதானத்திலும் வந்துவிட்டது, அவ்வளவுதான். கோடி ரூபாய் வாங்குகிறவனைச் சொல்வது போலவே, பஸ்ஸுக்கு எண்ணிக் கொண்டுவந்த சில்லறையோடு நிற்கிற சிறுமியையும் சொல்லிவிட்டார்கள்.

மறுநாளிலிருந்து ஒரு வாரம் அவள் மைதானத்துக்கு வரவில்லை. நான் கூப்பிட்டு அனுப்பினேன். வயிற்றுவலி என்று பதில் வந்தது. கடைசியில் அவளைக் கூட்டிவந்தது யார் தெரியுமா? அவளால் இடம் இழந்து வெளியே உட்கார்ந்த அதே மூத்த மாணவிதான். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மாலையில் இருவரும் சேர்ந்து வலை கட்டிக்கொண்டிருந்ததைத்தான் பார்த்தேன். அந்த ஆண்டு நாங்கள் கோப்பை வாங்கவில்லை, அரையிறுதியிலேயே தோற்றோம். இருந்தும், நான் பயிற்சி கொடுத்த அணிகளில் சிறந்தது எது என்று யாராவது கேட்டால் அந்த அணியைத்தான் சொல்வேன்.

விவிலியத்தில் ஒரு தேர்வு நடக்கிறது. ஈசாயின் வீட்டுக்கு சாமுவேல் வருகிறார். மூத்த மகனின் தோற்றத்தையும் உயரத்தையும் கண்டதும் இவன்தான் என்று அந்த இறைவாக்கினரே நினைத்துவிடுகிறார்! எழுவர் வரிசையாக வந்து நின்றும் ஒருவரும் தேர்வாகவில்லை. இன்னும் யாரேனும் உண்டா என்று கேட்ட பிறகுதான், ஆடு மேய்க்கப் போயிருந்த கடைசிப் பிள்ளையின் நினைவு தந்தைக்கே வருகிறது. இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று எல்லோரும் சொல்வது: கடவுள் முகத்தைப் பார்ப்பதில்லை, உள்ளத்தைப் பார்க்கிறார். மற்றொன்று நாம் கவனிக்காமல் விடுவது: தாவீதைத் தேர்வுக்குக் கூப்பிடவே யாரும் நினைக்கவில்லை. திறமை இல்லாமல் தோற்றவர்களைவிட, கூப்பிடாமல் விடப்பட்டவர்களே உலகில் அதிகம்.

வள்ளுவரும் ஆளைத் தேர்ந்தெடுப்பதற்கென்றே தனி அதிகாரங்கள் வைத்தார். தெரிந்துவினையாடல் என்ற அதிகாரத்தில் அவர் காட்டும் நெறி, ஆராய்ந்து ஒருவனிடம் பொறுப்பைக் கொடு, கொடுத்த பின் அவனிடமே விட்டுவிடு என்பது. நாமோ ஆராயாமல் எடுக்கிறோம். எடுத்த பின் ஒவ்வொரு பந்துக்கும் ஆராய்கிறோம்!

கூப்பிடப்படாத இடங்களிலிருந்து வந்தவர்களைச் சற்றுப் பாருங்கள். ஜார்க்கண்டில் சிம்டேகா என்ற மாவட்டம். அங்கே ஆதிவாசிச் சிறுமியர் மூங்கில் கழியைச் செதுக்கி ஹாக்கி மட்டையாக்கி ஆடுவார்கள். சில கிராமப் போட்டிகளில் வெற்றி பெறும் அணிக்குப் பரிசு ஓர் ஆடு. மிஷன் பள்ளிகளின் மைதானங்கள் அந்த வட்டாரத்தில் பல தலைமுறைகளாக ஆட்டக்காரர்களை வளர்த்து வந்திருக்கின்றன. சிம்டேகாவின் சலீமா டேட்டே 2024-ல் இந்திய மகளிர் அணியின் தலைவியானார். அடுத்த மாவட்டமான குந்தியைச் சேர்ந்த நிக்கி பிரதான் 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் ஆடினார். 2021-ல் டோக்கியோவில் இந்திய மகளிர் நான்காம் இடம் பெற்றபோது இருவருமே அணியில் இருந்தார்கள்.

வடக்கே லடாக்கில் நம் நாட்டுப் பெண்கள் உறைந்த ஏரிகளின் மேல் பனி ஹாக்கி ஆடுகிறார்கள். தொடக்கத்தில் ஆண்கள் ஆடி முடிக்கும்வரை காத்திருந்து, இரவல் காலணி அணிந்து பழகியவர்கள் அவர்கள். 2016-ல் முதல் சர்வதேசப் போட்டிக்குப் போகப் பொதுமக்களிடம் நிதி திரட்ட வேண்டியிருந்தது. 2017-ல் பாங்காக்கில் முதல் வெற்றி. 2025-ல் அரபு நாட்டின் அல் அய்ன் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம். அந்தப் பெண்கள் தொடங்கிய காலத்தில் எந்த ரயிலில் யார் அவர்களைப் பற்றி விவாதித்தார்கள்?

இனி பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் மகள் தேர்வாகிவிட்டாள் என்று நாங்கள் சொல்லி அனுப்பும்போது, பல வீடுகளில் மகிழ்ச்சிக்கு முன் கவலை வருகிறது. வெயிலில் கறுத்துவிடுவாள், படிப்பு கெடும், இருட்டிவிடும், அப்பாவுக்கு ஷிப்டு, கூட்டிவர ஆள் இல்லை. இவற்றில் முதல் கவலைக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. படிப்பைப் பற்றிச் சொல்கிறேன். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கென்று 500 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அரசுப் பணிகளில் 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகள் உண்டு. சென்னைக் கல்லூரிகள் பல நல்ல ஆட்டக்காரியைத் தேடிப் பிடித்துச் சேர்த்துக்கொள்கின்றன. மைதானம் படிப்புக்கு எதிரி அல்ல. சில வீடுகளுக்குப் படிப்பின் கதவே அதுதான்.

ஆனால் இருட்டும் பஸ்ஸும் உண்மையான கவலைகள். அவற்றைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை. நெடுஞ்சாலையில் லாரிகள் ஓயாத நம் பகுதியில் ஒரு பெண்பிள்ளை தனியே நின்று பஸ் பிடிப்பது எளிதல்ல. அதற்குப் பள்ளியும் பெற்றோரும் சேர்ந்து வழி காண வேண்டும். பயிற்சி நேரத்தை பஸ் நேரத்தோடு பொருத்தலாம். ஒரே பாதையில் போகும் மாணவியர் சேர்ந்து போக, வாரத்துக்கு ஒரு பெற்றோர் முறை வைத்து உடன் போகலாம். இது கோடி ரூபாய் ஏலம் இல்லை. ஆளுக்கு ஒரு மாலைப் பொழுதுதான் செலவு.

பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோப்பைக்காக வெளியூர்ப் பெண்ணைச் சலுகை கொடுத்துச் சேர்ப்பது சரியா என்று பலர் கேட்கிறார்கள். சரியே என்பது என் கருத்து. ஆனால் ஒரு நிபந்தனை. இவள் நமக்கு என்ன தருவாள் என்று கேட்கும்போதே, இவளுக்கு நாம் என்ன தரப்போகிறோம் என்றும் கேட்க வேண்டும். முழங்காலில் அடிபட்டு ஓராண்டு ஆட முடியாமல் போனால் அவள் கட்டணச் சலுகை என்ன ஆகும்? ஆட்டத்துக்குப் போன நாட்களின் பாடத்தை யார் சொல்லிக் கொடுப்பார்கள்? இவற்றுக்கு முன்கூட்டியே பதில் வைத்திருக்கிற நிறுவனம் தாராளமாக அழைக்கட்டும். பதில் இல்லாத நிறுவனம் எடுப்பது மாணவியை அல்ல, ஒரு ஜோடிக் கைகளை மட்டுமே.

மாணவியரே, உங்களிடம் நான் கேட்பது சிறியது. வருகிற ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது, ஒவ்வோர் அணியிலும் பாடகர் குழுவிலும்கூடப் புதியவர்கள் வருவார்கள். சிலர் உங்கள் இடத்துக்கே வருவார்கள். அது வலிக்கும், வலிக்காது என்று பொய் சொல்லமாட்டேன். முதல் நாளே அவள் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த ஊர், எந்த பஸ் என்று கேளுங்கள். அவள் மூன்று சர்வீஸை வலையில் அடித்தால், நான்காவது பந்தை நீங்களே எடுத்து அவள் கையில் கொடுங்கள்.

அன்று ரயிலில் கேள்வி கேட்ட மாணவி இப்போது அணியில் நிலையாக ஆடுகிறாள். அவளைப் பற்றி இன்னும் எந்தப் பெட்டியிலும் யாரும் பேசுவதில்லை. ஆயினும் சென்ற ஆட்டத்தின்போது ஒரு தந்தை, இரவு ஷிப்டு முடிந்து தூங்காத கண்களோடு நேரே மைதானத்துக்கு வந்திருந்தார். பக்கத்தில் நின்றவரிடம், "அந்த உயரமான பொண்ணு யாருங்க, புதுசா? நல்லா ஆடுதே!" என்று கேட்டார். அது அவருடைய மகள் அல்ல. எனக்கு அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது.