யாருக்கோ எழுதிக் கொடுத்த களிம்பு

ஈப்போ புந்தோங்கிலும் சரி, ரப்பர் தோட்டத்தை விட்டு சுங்கை சிப்புட் தாமான்களுக்கு வந்த குடும்பங்களிலும் சரி, ஐஸ் பெட்டிக் கதவில் வால் சுருட்டிய டியூப் ஒன்று செருகியிருப்பது புதிதல்ல. வீட்டில் ஒருவரின் கரப்பானுக்கு டாக்டர் கொடுத்தது அது. பிறகு அக்காவின் முகப்பருவுக்கும் போகும், மாமாவின் தொடையிடுக்குப் படைக்கும் போகும், கைக்குழந்தைக்கு டயபர் கட்டிய இடத்துச் சிவப்புக்கும் போகும். மூன்றே நாளில் அரிப்பு அடங்கினால் நல்ல மருந்து என்று பேரும் வாங்கிவிடும்.

அடக்குவது ஸ்டீராய்டு. இரத்தக் குழாய்களைச் சுருக்கி, உடலின் எதிர்ப்பைத் தணித்து, வீக்கத்தை இறக்கும். ஹைட்ரோகார்ட்டிசோன் தோல்மேல் பலிக்கிறது என்று 1952-இல் தெரிந்ததிலிருந்து கரப்பானுக்கும் சொரியாசிஸுக்கும் இதுதான் முதல் துணை. ஸ்டீராய்டு என்ற பெயருக்கே பயந்து, பிள்ளை இரத்தம் வரச் சொறிந்தாலும் தடவ மறுக்கும் பெற்றோரும் உண்டு. அந்தப் பயமும் தவறுதான்.

சிக்கல் வலிமையில். குளோபெட்டசோல் என்ற களிம்பு ஹைட்ரோகார்ட்டிசோனைப்போல் சுமார் 600 மடங்கு வலுவானது. வாரத்துக்கு 50 கிராமுக்கு மேல் கூடாது, இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ச்சியாக வேண்டாம் என்பது கணக்கு. டியூபைப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். தடவும் இடமும் முக்கியம். முன்கையில் உறிஞ்சப்படுவதைப்போல் நெற்றியில் 6 மடங்கும், விதைப்பையில் 42 மடங்கும் உள்ளே போவதை 1967-இல் அளந்து காட்டினார்கள். கைக்கு ஏற்ற மருந்து முகத்தைக் கெடுப்பது இதனால்தான்: தோல் மெலியும், நரம்பு நரம்பாகச் சிவப்புக் கோடு தெரியும், பருவும் முடியும் கிளம்பும். நம் கறுத்த தோலில் வெளிறிய திட்டு இன்னும் பளிச்சென்று தெரியும். கண்ணோரம் மாதக்கணக்கில் தடவினால் கண்ணழுத்தமும் புரையும் வரலாம்.

படர்தாமரையில் இது செய்யும் வேலையோ இன்னும் மோசம். சிவந்த வளையம் மறையும், பூஞ்சையோ அடியில் நிம்மதியாகப் பரவும். பேராக்கின் புழுக்கத்தில் அதற்குச் சொல்லவே வேண்டாம்.

தோட்டக் காலத்தில் டிரெஸ்ஸர் என்ற தோட்ட மருத்துவ உதவியாளர் இருந்தார். டிரெஸ்ஸர்களைப் பதிவு செய்ய 1965-இல் தனிச் சட்டமே வந்தது. அவருடைய வைத்தியத்தில் குறை இருந்திருக்கலாம், ஆனால் எந்த லயத்தில் யாருக்குப் படை என்று தெரிந்த ஆள் அவர். தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களானபோது அவரும் போனார். அந்த இடத்தில் இப்போது பக்கத்து வீட்டு டியூபும் பாசார் மாலாம் வெள்ளைக் கிரீமும் உட்கார்ந்திருக்கின்றன.

அந்த வெள்ளைக் கிரீம் விஷயத்தில் சட்டம் தூங்கவில்லை. பீட்டாமெத்தசோனோ குளோபெட்டசோலோ கலந்த அழகுப் பொருள்களின் அனுமதியைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் அவ்வப்போது ரத்து செய்து பெயரையும் வெளியிடுகிறது. முதல் குற்றத்துக்கே 25,000 வெள்ளி வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். பதிவான மருந்தில் ‘எம்ஏஎல்’ எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கும். அழகுப் பொருளுக்கோ ‘என்ஓடி’ எண்தான், அதில் ஸ்டீராய்டு இருக்கவே கூடாது. ஒரு வாரத்தில் முகம் வெளுத்தால் சந்தேகம்தான் வரவேண்டும், சந்தோஷம் அல்ல.

இந்தியாவின் கதை நமக்குப் பாடம். 2011-இல் வெளியான ஆய்வில், முகத்தோல் நோயோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு தடவி வந்திருந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அதைச் சொன்னவர் டாக்டரே அல்ல. 2018-இல்தான் 14 ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று அங்கே அரசு ஆணையிட்டது. ஊருக்குப் போய்வரும் பையில் அந்தக் களிம்புகளை அள்ளி வருபவர்கள் இதை நினைத்துக்கொள்ளட்டும்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் முகத்தில் தடவியவர்கள் பயந்துபோய் இன்றே தூக்கி எறியவும் வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பலாம். டியூபோடு கிளினிக்குக்குப் போவதே சரி.

மருந்து தரும் பக்கமும் மாற வேண்டியது உண்டு. அரசு மருந்தகங்கள் பீட்டாமெத்தசோனை நீர்த்துச் சின்ன டப்பாவில் தருகின்றன. தினம் இருமுறை தடவவும் என்ற லேபல் மட்டும் போதாது. எந்த இடத்துக்கு, எவ்வளவு வலு, எந்தத் தேதியோடு நிறுத்துவது என்பதும் வேண்டும். ஆள்காட்டி விரலின் நுனி மடிப்பு வரை பிதுக்கினால் அரைக் கிராம், அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவுத் தோலுக்குப் போதும் என்று காட்டிக் கொடுக்க அரை நிமிடம் பிடிக்குமா? பிரிட்டனில் களிம்புகளின் வலிமையை டியூபிலேயே அச்சிட 2024-இல் முடிவெடுத்தார்கள். இங்கேயும் அதை அச்சிடலாம், மலாயோடு தமிழிலும் சீனத்திலும்.