அடுத்த வருசம் வருதாம்!

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏதாவது ஒரு டீக்கடையில் சாயங்காலம் அரை மணி நேரம் நின்றால் போதும். இந்தியாவில் அடுத்து வரப்போகிற பெரிய வண்டிகள் அத்தனையும் இன்ஜின் விவரத்தோடு வந்து விழும்.

"அண்ணே, ஏழு சீட்டுல பெரிய வண்டி ஒண்ணு எடுக்கலாமுன்னு பாக்கேன்."

"இப்பம் எடுக்காத மக்கா. எண்டேவர் திரும்ப வருது, கேட்டியா? மூணு லிட்டர் வி6 இன்ஜினாக்கும். அடுத்த வருசம்."

"யாருண்ணே சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்லுகானுவ!"

அந்த 'எல்லாரும்' யார் என்று கேட்டால் பதில் இருக்காது. ஆனால் கேட்டவர் அன்றைக்கு வண்டி எடுக்க மாட்டார். அடுத்த மாதமும் எடுக்க மாட்டார். கிரிக்கெட் அரட்டை மாதிரி இதுவும் ஒரு பொழுதுபோக்குதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். நஷ்டம் இருக்கிறது. வதந்தியைப் பரப்புகிறவருக்கு இல்லை, அதை நம்பிக் காத்திருப்பவருக்கு இருக்கிறது.

எண்டேவர் கதையையே எடுத்துக்கொள்வோம். ஃபோர்டு கம்பெனியின் இந்த எஸ்.யூ.வி. இந்தியாவுக்கு வந்தது 2003-ல். சென்னைக்குப் பக்கத்தில் மறைமலைநகர் தொழிற்சாலையிலிருந்துதான் வெளியே வந்தது. 2016-ல் புதிய வடிவம் வந்தபோது 2.2 லிட்டர், 3.2 லிட்டர் என்று இரண்டு டீசல் இன்ஜின்கள். அந்த ஐந்து சிலிண்டர் 3.2 லிட்டர் இன்ஜினுக்கு இன்றைக்கும் ரசிகர்கள் உண்டு. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 புகை விதிக்காக அந்த இரண்டுமே போய், 2.0 லிட்டர் இன்ஜினும் பத்து கியர் ஆட்டோமேட்டிக்கும் வந்தன. 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் கார் தயாரிப்பதையே நிறுத்தப் போவதாக ஃபோர்டு அறிவித்தது. பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம் என்று கணக்குச் சொன்னது. சுமார் 4,000 ஊழியர்களுக்குப் பாதிப்பு என்றும் அதுவே சொன்னது.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் 'திரும்ப வருது' கதை. மறைமலைநகர் தொழிற்சாலையை இவர் வாங்குகிறார், அவர் வாங்குகிறார் என்று இரண்டு வருடம் பேச்சு ஓடியது. ஜே.எஸ்.டபிள்யூ குழுமத்தோடு நடந்த பேச்சு 2023 கடைசியில் நின்றுபோனது. உடனே "பாத்தியா, விக்கல. அப்ப திரும்ப வரப்போறான்" என்றார்கள். அடுத்து, எண்டேவரின் புதிய வடிவத்தை (வெளிநாடுகளில் அதற்கு எவரெஸ்ட் என்று பெயர்) ஃபோர்டு இந்தியாவில் டிசைன் பதிவு செய்திருக்கிறது என்று செய்தி வந்தது. போதாதா? வி6 இன்ஜின் வரை போய்விட்டது கற்பனை.

உண்மையில் நடந்தது என்ன? 2024 செப்டம்பரில், மறைமலைநகர் தொழிற்சாலையை ஏற்றுமதிக்காகப் பயன்படுத்த விருப்பம் என்று தமிழக அரசுக்கு ஃபோர்டு கடிதம் கொடுத்தது. 2025 அக்டோபர் 31 அன்று புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. முதலீடு 3,250 கோடி ரூபாய். வருடத்துக்கு 2,35,000 இன்ஜின்கள். உற்பத்தி ஆரம்பம் 2029-ல். நன்றாகக் கவனியுங்கள், இன்ஜின்கள்! முழு வண்டி இல்லை. அந்த அறிவிப்பில் எண்டேவர் என்ற பெயரே கிடையாது. ஃபோர்டு மறைமலைநகருக்குத் திரும்புகிறது என்பதும், எண்டேவர் நாகர்கோவில் ஷோரூமுக்குத் திரும்புகிறது என்பதும் ஒன்றல்ல. டீக்கடையில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

இந்த வதந்திகள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் முழுப் பொய்யிலிருந்து வருவதில்லை. ஒரு சிறு உண்மையிலிருந்துதான் முளைக்கின்றன. டிசைன் பதிவு என்பது வேறு யாரும் அந்த வடிவத்தைக் காப்பி அடிக்காமல் இருக்கப் போடும் வேலி. வேலி போட்டவன் எல்லாம் வீடு கட்டுவான் என்று சொல்ல முடியுமா? பெயர்ப் பதிவும் அப்படித்தான். கறுப்பு வெள்ளைக் கோடு ஒட்டிய சோதனை வண்டி ரோட்டில் ஓடினால் அது விற்பனைக்குத்தான் வருகிறது என்று அர்த்தமில்லை. ஒரு கியர் பாக்ஸையோ ஒரு பிரேக்கையோ சோதிக்கக்கூட ஓட்டுவார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வதந்தி எல்லாம் பொய்யாகிவிடுவதில்லை. டாடா ஹாரியர் 2019 ஜனவரியில் 2.0 லிட்டர் டீசல் இன்ஜினோடு மட்டும் வந்தது. பெட்ரோல் வரும் என்று அப்போதிருந்தே பேச்சு. 2021-ல் அதே அடித்தளத்தில் புதிய சஃபாரி வந்தது, அதிலும் டீசல் மட்டும்தான். பெட்ரோல் வரும் என்ற பேச்சு அப்போதும் ஓயவில்லை. 2023 ஜனவரி ஆட்டோ எக்ஸ்போவில் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜினையே கொண்டுவந்து காட்டினார்கள். "இதோ வந்துட்டு" என்றார்கள். அந்த இன்ஜின் 2025 நவம்பரில் முதலில் சியராவில் வந்தது. ஹாரியரையும் சஃபாரியையும் பெட்ரோலில் காட்டியது 2025 டிசம்பரில்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்ரோல் வரும் என்றவர் சொன்னது பலித்தது. ஆனால் அவர் பேச்சைக் கேட்டு 2019-ல் காத்திருக்க ஆரம்பித்தவர் ஏறக்குறைய ஏழு வருடம் காத்திருந்திருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை ஏழாம் வகுப்பு முடிக்கிற காலம். வண்டி வதந்திகளில் பொருள் பல நேரம் சரியாக இருக்கும், தேதிதான் பொய்யாக இருக்கும். ஆனால் வாங்குகிறவனுக்குப் பொருளைவிடத் தேதிதானே முக்கியம்?

"காத்திருந்தா காசு மிச்சம்தானே?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வாங்காத வண்டிக்குத் தேய்மானம் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, கடனுக்கு வட்டியும் இல்லை. வெறும் ரூபாய்க் கணக்கில் காத்திருப்பது லாபம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் தேவை காத்திருக்காது. குமரி மாவட்டத்தில் பெரிய வண்டி எடுக்கிறவர்கள் எல்லோரும் பந்தாவுக்காக எடுப்பதில்லை. வளைகுடாவிலிருந்து ஒரு மாத லீவில் வருகிறவர், வயதான அப்பா அம்மாவையும் பிள்ளைகளையும் ஒரே வண்டியில் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர்த் தோட்டம் வைத்திருப்பவர் மழைக்காலத்தில் செம்மண் பாதையில் ஏற வேண்டும். அந்த ஒரு மாத லீவு முடிந்தால் அடுத்த லீவு எப்போதோ! வராத வண்டிக்காக ஒவ்வொரு தடவையும் வாடகைக் கார் பிடிக்கிற குடும்பத்தின் சிரமம் எந்த லாபக் கணக்கிலும் வராது.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. செகண்ட் ஹேண்ட் எண்டேவர் விற்கிற புரோக்கர் வாயில் இதே வதந்தி வேறு மாதிரி வரும். "கம்பெனி திரும்ப வருதுல்லா, இனி வெல கூடத்தான் செய்யும், இப்பமே எடுத்துப் போடுங்க சார்." ஃபோர்டு விற்பனையை நிறுத்தியபோதே சர்வீஸும் உதிரி பாகமும் தொடரும் என்று சொல்லியிருக்கிறது. அதை நம்பிப் பழைய வண்டி வாங்குவது ஒரு முடிவு. 'திரும்ப வருது' என்பதற்காக ஐம்பதாயிரம் கூடுதலாகக் கொடுப்பது வேறு முடிவு. முன்னதற்குக் கம்பெனியின் வார்த்தை இருக்கிறது. பின்னதற்கு ஒன்றுமில்லை.

கம்பெனிகளுக்கும் இது இருபக்கமும் கூரான கத்தி. வதந்தி இலவச விளம்பரம். போட்டிக் கம்பெனியின் வண்டியை வாங்க இருந்தவர் தயங்குவார். ஆனால் ஷோரூமில் நிற்கிற தன் வண்டியே விற்காமல் போகும் ஆபத்தும் இருக்கிறது. காமர்ஸ் பாடத்தில் இதற்கு ஒரு பழைய உதாரணம் சொல்வார்கள். அமெரிக்காவில் ஆஸ்போர்ன் என்ற கம்ப்யூட்டர் கம்பெனி, அடுத்து இதைவிட நல்ல மாடல் வருகிறது என்று முன்கூட்டியே பேசியது. இருந்த மாடலை வாங்க ஆளில்லை. 1983-ல் திவாலானது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு என்பார்கள். ஆனாலும் 'ஆஸ்போர்ன் விளைவு' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அந்தக் கம்பெனியாவது தன் வாயால் கெட்டது. இங்கே கமிஷனை நம்பி ஷோரூமில் நிற்கிற விற்பனைப் பையன், ஊரார் வாயால் கெடுகிறான்.

அப்படியானால் காத்திருக்கவே கூடாதா? அப்படியில்லை. 2025 ஆகஸ்ட் 15 அன்று, தீபாவளிக்குள் ஜி.எஸ்.டி. சீர்திருத்தம் என்று பிரதமர் அறிவித்தார். செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்.யூ.வி.களுக்கு, செஸ்ஸோடு சேர்த்து 50 சதவீதம் இருந்த வரி 40 சதவீதம் ஆனது. அந்த ஐந்து வாரம் காத்திருந்தவர் புத்திசாலி. அங்கே சொன்ன ஆளும் தெரியும், கெடுவும் தெரியும். தேதி தெரிந்து காத்திருப்பது கணக்கு. தேதி தெரியாமல் காத்திருப்பது லாட்டரி!

வதந்தியையும் செய்தியையும் எப்படிப் பிரிப்பது? பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது, தூத்துக்குடி. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் கம்பெனி 2024 ஜனவரியில் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. அடுத்த மாதமே அடிக்கல். 2025 ஆகஸ்ட் 4 அன்று தொழிற்சாலை திறப்பு. அடுத்த மாதம் வண்டி விற்பனைக்கு. அதாவது நிலம், கட்டடம், ஆள் எடுப்பு, தேதி. இந்த நான்கும் கண்ணில் தெரிந்தால் அது செய்தி. நான்கில் ஒன்றுகூட இல்லாமல் இன்ஜின் அளவு மட்டும் துல்லியமாகத் தெரிந்தால் அது வதந்தி.

மறைமலைநகர் விஷயத்தில் இன்னொரு வருத்தமும் உண்டு. குமரி மாவட்டத்தில் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படித்த பையன்கள் சென்னைப் பக்கத்துக் கார் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போவது புதிதல்ல. 2022-ல் மறைமலைநகர் ஊழியர்கள் நல்ல இழப்பீடு கேட்டுப் போராடியபோது, வண்டிப் பிரியர்களின் கவலையெல்லாம் 3.2 லிட்டர் இன்ஜின் இனி வராதே என்பதுதான். இப்போதும் அப்படியே. 2029-ல் அங்கே இன்ஜின் தயாரிப்பு என்பது கையெழுத்தான விஷயம். அதற்கு என்ன படிக்க வேண்டும், எந்த டிரேடில் ஆள் எடுப்பார்கள் என்று விசாரிக்க ஆளைக் காணோம். எண்டேவர் வருமா என்று கேட்கத்தான் கூட்டம்.

டீக்கடைப் பேச்சு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அது இல்லாத நாகர்கோவில் சாயங்காலமா? பேசட்டும். ஆனால் 'அடுத்த வருசம் வருது' என்று சொல்கிற அண்ணனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பழகினால் நல்லது. "அண்ணே, நீங்க இப்பம் வச்சிருக்க வண்டிய வித்துட்டா காத்திருக்கீங்க?"

பெரும்பாலும் பதில் வராது. அவர் தன் வண்டியை ஸ்டார்ட் செய்து வீட்டுக்குக் கிளம்பியிருப்பார். பஸ்ஸுக்குக் காத்து நிற்பது, அவர் சொன்னதை நம்பியவர்தான்.