பிசியோதெரபி மாணவர்களின் முதல் வார்டு போஸ்டிங்: எங்கே சறுக்குகிறது? நோயாளிகள் எதைத் தெரிஞ்சுக்கணும்?

பிசியோதெரபிஸ்டுகள் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போடலாமா, கூடாதா? 2025 செப்டம்பரில் இந்தக் கேள்விதான் சூடு பறந்தது. ‘போடக் கூடாது’ என்று செப்டம்பர் 9-ம் தேதி மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம் கடிதம் அனுப்பியது. மறுநாளே அதைத் திரும்பப் பெற்றது. அதற்குப் பிறகு நுழைவுத் தேர்வு பற்றிய சர்ச்சை. பட்டம், தேர்வு என்று இவ்வளவு பேசியாச்சு. ஆனால் இந்த மாணவர்கள் முதல் தடவையாக ஒரு நோயாளியின் உடம்பைத் தொடும் நாள் இருக்கே, அதற்கு அவர்களை யார், எப்படித் தயார் செய்கிறார்கள் என்பது பெரிதாகப் பேசப்படவில்லை.

நோயாளிக்கு நேரடியாகப் பாதிப்பு வருவது அந்த இடத்தில்தான்.

போஸ்டிங் என்றால் என்ன?

பிபிடி எனப்படும் இளநிலை பிசியோதெரபி படிப்பு தமிழ்நாட்டில் நாலரை வருடப் படிப்பாக இருந்து வந்தது. 4 ஆண்டு பாடம், 6 மாதம் இன்டர்ன்ஷிப். 2021-ல் நிறைவேறிய சட்டத்தின்படி துணை மருத்துவத் துறைகளுக்கான தேசிய ஆணையம் உருவானது. அந்த ஆணையத்தின் புதிய பாடத்திட்டம் 2025 ஏப்ரலில் வெளியானது. அதன்படி படிப்பு 5 ஆண்டு. அதில் 1 ஆண்டு முழுக்க இன்டர்ன்ஷிப்.

ஆனால் மாணவர்கள் இன்டர்ன்ஷிப்புக்கு முன்பே வார்டுக்குப் போக ஆரம்பித்துவிடுவார்கள். எலும்பு முறிவு, நரம்பியல், ஐசியு, குழந்தைகள் பிரிவு என்று சுழற்சி முறையில் அனுப்புவார்கள். இதைத்தான் ‘கிளினிக்கல் போஸ்டிங்’ என்கிறார்கள். சொந்த மருத்துவமனை உள்ள கல்லூரிகளில் இது சுலபம். ஒப்பந்தம் போட்டு வெளி மருத்துவமனைக்கு அனுப்பும் கல்லூரிகளில், பத்துப் பேர் கூட்டமாகக் கட்டிலைச் சுற்றி நிற்பதிலேயே போஸ்டிங் முடிந்துவிடும் ஆபத்து உண்டு.

நண்பனின் கால் வேறு, நோயாளியின் கால் வேறு

கல்லூரி லேபில் மாணவர்கள் ஒருவர் மீது ஒருவர் பயிற்சி செய்வார்கள். 20 வயதுப் பையனின் முழங்காலை மடக்கி கோனியோமீட்டரில் அளப்பது சுலபம். அவன் வலிக்குதுன்னு கத்த மாட்டான். மூத்திரப் பை தொங்காது. கையில் டிரிப்ஸ் ஏறாது. மயங்கி விழ மாட்டான். பக்கத்தில் மகள் நின்றுகொண்டு, “மெதுவா தம்பி, நேத்துதான் ஆபரேஷன் ஆச்சு” என்று பதற மாட்டார்.

வார்டில் இது எல்லாமே ஒரே நேரத்தில் நடக்கும். பக்கவாதம் வந்தவரைக் கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வில் இது 5 மார்க் கேள்வி. நிஜத்தில், கட்டில், வீல்சேர் இரண்டின் பிரேக்கையும் போட வேண்டும். கால் வைக்கும் தட்டை மடக்க வேண்டும். மூத்திரக் குழாய் எங்காவது மாட்டியிருக்கிறதா, பை இடுப்புக்குக் கீழேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அவருடைய பலமான பக்கத்தில்தான் நாற்காலியை வைக்க வேண்டும். முக்கியமாக, செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது. தசை தளர்ந்த தோள்மூட்டு இறங்கிவிடும். அந்த வலி பல மாதம் விடாது. வீட்டுக்காரர்கள் பாசத்தில் செய்வதும் பெரும்பாலும் இந்தத் தப்பைத்தான். அதைப் பார்த்துத் தடுக்க வேண்டிய மாணவரே பதற்றத்தில் அந்தக் கையைப் பிடித்துவிட்டால்?

‘மரத்துப் போகுது’ன்னா என்ன அர்த்தம்?

அதிகம் கண்டுகொள்ளப்படாத பிரச்சினை மொழிதான். பாடம் முழுக்க ஆங்கிலம். நோயாளி பேசுவது முழுக்கத் தமிழ், அதுவும் அந்தந்த ஊர்த் தமிழ்.

வலி எப்படி இருக்கு என்று கேட்டால் நோயாளி பாடப்புத்தக வார்த்தையில் பதில் சொல்வதில்லை. “சுரீர்னு இழுக்குது”, “கடுக்குது”, “எரியுது”, “மதமதன்னு இருக்கு”, “எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு”, “வாயு பிடிச்சிருக்கு” என்பார். ஒவ்வொன்றும் ஒரு தகவல். இடுப்பிலிருந்து கால் வரை சுரீர்னு இழுக்குது என்றால் நரம்பு அழுத்தத்தைச் சந்தேகிக்கணும். உள்ளங்கால் எரியுது, பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கு என்றால் சர்க்கரை நோயாளியா என்று கேட்கணும். ‘வாயு’ என்ற சொல்லைக் கேட்டு மாணவர் சிரித்துவிட்டால் அதோடு முடிந்தது. அடுத்த கேள்விக்கு அந்தப் பெரியவர் பதில் சொல்ல மாட்டார்.

வலிக்கு 0 முதல் 10 வரை மார்க் கேட்பதும் அப்படித்தான். “பத்துக்கு எவ்வளவும்மா?” என்றால் “ரொம்பப்பா” என்றுதான் பதில் வரும். “நேத்து ராத்திரி தூங்க முடிஞ்சுதா? பாத்ரூம் வரைக்கும் நடந்தீங்களா?” என்று கேட்டால் உண்மை நிலவரம் தெரியும்.

சொல்வதும் இப்படித்தான் இருக்கணும். இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தவரிடம் “90 டிகிரிக்கு மேல் ஃபிளெக்‌ஷன் கூடாது” என்று சொன்னால் அவருக்கு என்ன புரியும்? “சம்மணம் போடாதீங்க, தாழ்வான ஸ்டூல்ல உட்காராதீங்க, கீழ விழுந்த பொருளைக் குனிஞ்சு எடுக்காதீங்க, வீட்ல வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கா?” என்று கேட்டால்தான் அது சிகிச்சை. வெளிமாநிலத்திலிருந்து வந்து இங்கே படிக்கும் மாணவர்களுக்கு இது இரட்டைச் சுமை. முதல் போஸ்டிங்குக்கு முன் ஐம்பது வார்டு வார்த்தைகளைச் சொல்லிக் கொடுக்க ஒரு மதியம் போதும். இதற்குப் பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

எப்போது நிறுத்தணும்?

எந்தப் பயிற்சி, எத்தனை தடவை என்பதை மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் முதல் போஸ்டிங்கில் நோயாளியைக் காப்பாற்றுவது வேறொரு பாடம். எப்போது தொடங்கவே கூடாது, எப்போது பாதியில் நிறுத்த வேண்டும் என்பதுதான் அது.

சில உதாரணங்கள்:

பல நாள் படுத்திருந்தவரின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலிக்கிறது. ரத்தக்கட்டி இருக்கலாம். அந்தக் காலைத் தேய்த்துவிடுவதோ பயிற்சி கொடுப்பதோ கூடாது. உடனே டாக்டருக்குத் தகவல் போகணும். கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

படுத்தவரை எழுப்பி நிறுத்தியதும் தலை சுற்றுது என்கிறார். நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் ரத்த அழுத்தம் 20 புள்ளி அல்லது கீழ் ரத்த அழுத்தம் 10 புள்ளி குறைந்தால், அது வெறும் சோர்வு இல்லை. உட்கார வைக்கணும். ‘இன்னும் ரெண்டு அடிதான் பாட்டி’ என்ற ஊக்கம் அங்கே ஆபத்து.

வெந்நீர்ப் பை, மெழுகு ஒத்தடம் கொடுக்கும் முன் சூடு, குளிர் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்கணும். உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளி, சுட்டாலும் “பரவாயில்லை” என்பார். கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவருக்கும், உடம்பில் உலோகத் தகடு வைத்திருப்பவருக்கும் சில மின் சிகிச்சைகளைக் கொடுக்கவே கூடாது. கேஸ் ஷீட்டை ஒரு தடவை புரட்டினால் தெரிந்துவிடும். புரட்டும் பழக்கம் வேணும், அவ்வளவுதான்.

இதில் உண்மையான தடை அறிவு இல்லை, பயம். “நிறுத்திட்டேன் சார்” என்று சீனியரிடம் சொன்னால் திட்டு விழுமோ என்ற பயம். இத்தனை நோயாளி பார்த்தேன் என்று லாக் புக்கில் கையெழுத்து வாங்குவதற்குத்தான் மதிப்பெண். சரியான காரணத்துக்காக ஒரு சிகிச்சையை நிறுத்தியதற்கும் மதிப்பெண் கொடுத்தால், இந்தப் பயம் பாதி குறையும்.

ஆறு மாதம் முன்பே தொடங்க வேண்டிய ஒன்று

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி வழக்கமாக 3 டோஸ்: முதல் நாள், 1 மாதம் கழித்து, 6 மாதம் கழித்து. அதாவது போஸ்டிங் அறிவிப்பு வந்த பிறகு போட ஆரம்பித்தால் லேட். நெஞ்சுச் சளியை வெளியேற்றும் பயிற்சி கொடுக்கும்போது நோயாளி முகத்துக்கு நேரே இருமுவார். காசநோய் பரவும் நாட்டில் அங்கே என்-95 மாஸ்க் அவசியம். நோயாளியைத் தூக்கும் முறை தெரியாவிட்டால் மாணவரின் முதுகும் போய்விடும் என்பது தனிக் கதை.

கல்லூரிகள் என்ன செய்யலாம்?

ஆஸ்திரேலியாவில் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய ஓர் ஆய்வு 2012-ல் வெளியானது. 4 வார போஸ்டிங்கில் 1 வாரத்துக்குப் பதிலாக, நோயாளி போல நடிக்கப் பயிற்சி பெற்றவர்களை வைத்து மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். முழு 4 வாரமும் மருத்துவமனையில் இருந்தவர்களோடு ஒப்பிட்டால், திறமையில் இவர்கள் குறைந்துவிடவில்லை.

இதற்குக் கோடிக்கணக்கில் மெஷின் தேவையில்லை. ஒரு கட்டில், ஒரு வீல்சேர், கோபப்படவும் அழவும் ‘இன்னைக்கு வேணாம் போ’ என்று சொல்லவும் தெரிந்த ஒரு சீனியர் போதும். ஆனால் இது வார்டுக்கு மாற்று அல்ல, வார்டுக்கு முந்தைய படி. நோயாளி குறைவாக வரும் கல்லூரிகள் இதையே சாக்காக வைத்து வார்டு நாட்களை வெட்டினால் அது ஏமாற்று வேலை.

இன்னொரு காரணத்துக்காகவும் இது அவசரம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் வீட்டுக்கே போய் சிகிச்சை கொடுக்கிறார்கள். வீட்டில் மானிட்டர் கிடையாது, டூட்டி நர்ஸ் கிடையாது, கூப்பிட்ட குரலுக்கு சீனியர் வர மாட்டார். நிறுத்தணுமா, தொடரணுமா என்பதை அவர்களே முடிவு செய்யணும்.

உங்கள் கட்டிலுக்கு ஒரு மாணவர் வந்தால்?

“ஐயா, நான் பிசியோ படிக்கிற மாணவி. உங்க காலைத் தொட்டுப் பார்க்கலாமா? வலிச்சா உடனே சொல்லுங்க, நிறுத்திடுறேன்.” முதல் பேச்சு இப்படி இருக்கணும். பெண் நோயாளி என்றால் திரை, போர்வை, கூட ஒரு பெண் ஊழியர் என்பதைக் கேட்கத் தயங்க வேண்டாம். வேண்டாம் என்று சொல்லவும், சீனியரைக் கூப்பிடச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. அதனால் உங்கள் சிகிச்சை நின்றுவிடக் கூடாது. பேஸ்மேக்கர், பழைய ஆபரேஷன், சர்க்கரை, காலில் உணர்ச்சிக் குறைவு ஆகிய நாலையும் அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். கூடவே இருந்து பார்த்துக்கொள்பவர், வீட்டில் எப்படிச் செய்ய வேண்டும் என்பதை மாணவர் எதிரிலேயே ஒரு தடவை செய்து காட்டி, சரியா என்று கேட்டுக்கொள்ளலாம்.