பளபளப்பு வேற, சுத்தம் வேற

நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்கள்ல ஒரு மூடநம்பிக்கை உண்டு. புது கேஸ்கட் போடறதுக்கு முன்னாடி ஹெட்டும் பிளாக்கும் முகம் பாக்கற மாதிரி மின்னணுமாம். கிரைண்டர்ல தேய்க்கிற டிஸ்க்கை மாட்டி சர்ர்ருனு ஒரு இழுப்பு. பக்கத்துல நிக்கற வண்டிக்காரரும் "ஆஹா, என்னா சுத்தம்"னு பூரிச்சுப் போறார். இஞ்சினுக்கு சமாதி கட்ட இதைவிட சுலபமான வழி இல்லைங்க.

அந்த டிஸ்க்குலயும் உப்புத்தாள்லயும் இருக்கறது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. மோஸ் கடினத்தன்மை அளவுகோல்ல அது 9, வைரம் 10. உதிர்ற பொடி ஆயில் துளை, சிலிண்டர்னு எல்லா இடத்துலயும் இறங்கும். கிராங்க் பேரிங்ல இருக்கற இடைவெளியோ சுமார் 0.05 மில்லிமீட்டர்தான். பேரிங் மெட்டல் மெத்துனு இருக்கும். பொடி அதுல குத்தி உக்காந்துகிட்டு கிராங்க்கை அரம் மாதிரி ராவும். ஆயில் ஃபில்டர் பிடிச்சுக்காதான்னு கேக்காதீங்க, ரொம்ப நுண்ணிய துகள் அதுக்குத் தப்பிடும். ஜெனரல் மோட்டார்ஸ் இந்த டிஸ்க்கையெல்லாம் இஞ்சின்ல பயன்படுத்தாதீங்கன்னு சர்வீஸ் புல்லட்டினே போட்டிருக்கு.

அதோட, அலுமினிய ஹெட்டுல டிஸ்க் பட்ட இடம் பள்ளமாயிடும். உடனே பேஸ்ட்டை அப்பி மூடறது. உள்பக்கம் பிதுங்கின பேஸ்ட் பிஞ்சு போய் ஆயில் பம்ப் வலையை அடைக்கும். மூணு மாசம் கழிச்சு இஞ்சின் பிடிச்சா, "ஆயில் சரியில்ல சார்". கேஸ் முடிஞ்சுது!

சரியான வழி ரொம்ப சாதாரணம். துளைகளைத் துணியால அடைச்சுட்டு, பழைய கேஸ்கட்டை ரிமூவர்ல ஊற வெச்சு, பிளாஸ்டிக் ஸ்கிரேப்பராலயோ படுக்க வெச்ச பிளேடாலயோ பொறுமையா எடுக்கணும். போல்ட் ஓட்டைல ஆயிலோ தண்ணியோ தேங்கக் கூடாது. தேங்கினா டைட் பண்றப்ப பிளாக்கே விரியலாம். சமமா இருக்கான்னு ஸ்ட்ரெயிட் எட்ஜ், ஃபீலர் கேஜ் வெச்சுப் பாக்கணும். கடைசியா பிரேக் கிளீனர்ல ஒரு துடைப்பு. கறை தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும், நகத்துல எதுவும் தட்டுப்படாம இருந்தா போதும்.

மெக்கானிக்கை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்? "சாயங்காலமே வண்டி வேணும், கூலியைக் குறைங்க"ன்னு நிக்கறது நாமதானே? பொறுமையா சுரண்டற ரெண்டு மணி நேரத்துக்கு நாம காசு தர மாட்டோம், கிரைண்டர்ல ரெண்டு நிமிஷத்துல வர்ற பளபளப்புக்குத் தருவோம். அப்புறம் கிராங்க் வேலைக்கு அதைவிட எத்தனையோ மடங்கு அழுவோம்.

கிரைண்டர் சத்தம் கேட்டா ஓடிப் போய் நிறுத்துங்க. கூடக் கேக்கற கூலியைக் குடுங்க. என்ன நாஞ்சொல்றது? :)