வேஷப் பொருத்தமா, பிறவிப் பொருத்தமா?

ஓர் ஊரில் நாடகம் போடுவதென்று தீர்மானித்தவுடன் முதலில் எழுகின்ற சண்டை, என்ன நாடகம் போடுவது என்பதல்ல. யாருக்கு எந்த வேஷம் என்பதேயாகும். அச்சண்டையில் கடைசியில் ஜெயிப்பவர் யாரென்பதை நாம் பல ஊர்களில் பார்த்திருக்கின்றோம். நன்கொடை நோட்டில் முதல் பெயருக்குரியவர் மகனுக்கு ராஜபார்ட்டு. மேனி சிவந்த பையனுக்கு ராமன், கிருஷ்ணன். மேனி கறுத்த பையனுக்கு அரக்கன்; இல்லாவிட்டால் சேவகன்; அதுவும் இல்லாவிட்டால் திரை இழுக்கும் வேலை. ஏன் என்று கேட்டால், "பொருத்தம் பார்த்துத்தான் கொடுத்தோம்" என்கின்றார்கள். எதற்கும் எதற்கும் உள்ள பொருத்தம் என்பதே நம் கேள்வி.

நிறப் பொருத்தம் என்பார்களாயின், கிருஷ்ணன் என்ற வடசொல்லுக்கே கறுப்பன் என்பதுதானே பொருள்? ராமனையும் மேகவண்ணன் என்றுதானே பக்தர்கள் புகழ்கின்றார்கள்? அப்படியானால் அவ்விரு வேஷங்களும் கறுத்த பையனுக்கல்லவா போய்ச் சேர வேண்டும்? சிவந்த பையனைப் பிடித்து வந்து, நீலச் சாயம் பூசி நிறுத்துவானேன்? இராவணனோ அவர்கள் புராணப்படியே புலஸ்தியருடைய பேரன், அதாவது பார்ப்பனப் பிறவி. அந்த வேஷத்திற்கு மாத்திரம் மை தேடி ஓடுவானேன்? ஆகவே இது நிறப் பொருத்தமல்ல. உயர்ந்தது சிவப்பு, தாழ்ந்தது கறுப்பு என்று மூளையில் ஏறியிருக்கும் விஷமேயாகும்.

இனி ஆண் பெண் என்பதைப் பார்ப்போம். 1891-ல் ஏற்பட்ட சுகுண விலாச சபையில் படித்த கனவான்களே சேலை கட்டிப் பெண் வேஷம் போட்டார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் ஏற்படுத்திய பாலர் சபையிலே பையன்களே தமயந்தியும் வள்ளியும். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் அந்தப் பையனுடைய பிழைப்பும் உடைந்தது. பெண் வேஷத்துக்குப் பெண்ணே பொருத்தம் என்ற சாதாரண அறிவு அப்போது எங்கே போயிற்று? "குடும்பப் பெண் மேடை ஏறினால் மானம் போகும்" என்றார்கள். ஏறிய பெண்களை இழிவாகவும் பேசினார்கள். ஆனால் டிக்கட் வாங்கி முன் வரிசையிலும் உட்கார்ந்தார்கள்!

பிறவியே பொருத்தம் என்னும் பேச்சின் யோக்கியதையை வெள்ளைக்காரர் தேசத்திலும் காணலாம். ஷேக்ஸ்பியர் எழுதிய ஒதெல்லோ நாடகத்தின் கதாநாயகன் கறுப்பன். அவ்வேஷத்தை வெள்ளைக்காரர்களே முகத்தில் கறுப்புப் பூசி ஆடி வந்தார்கள். 1833-ல் ஐரா ஆல்டிரிஜ் என்ற கறுப்பர் லண்டன் கவென்ட் கார்டன் மேடையில் அவ்வேஷத்தில் தோன்றியபோது பத்திரிகைகள் சீறின. இரண்டு ஆட்டத்தோடு அது நின்றது. கறுப்பன் வேஷத்திற்குக் கறுப்பனே தகாதவனாம்! அதே ஆல்டிரிஜ் பிறகு ஐரோப்பா முழுவதும் சுற்றி, வெண்மை பூசிக்கொண்டு லியர் ராஜாவாகவும் ஷைலாக்காகவும் நடித்துப் பெயர் பெற்றார். 1943-ல் பால் ரோப்சன் நியூயார்க்கில் ஒதெல்லோவாக நடித்தார். அந்நாடகம் 296 முறை நடந்தது. இவ்வளவுக்குப் பிறகும் 1964-ல் லாரன்ஸ் ஒலிவியர் கறுப்புப் பூசிக்கொண்டுதான் லண்டனில் அவ்வேஷத்தை ஆடினார். மேலே இருப்பவன் கீழே உள்ளவன் வேஷத்தையும் எடுத்துக்கொள்ளலாம். கீழே உள்ளவன் தன் வேஷத்தைக்கூடக் கேட்கக் கூடாது என்பதைத் தவிர இதில் வேறென்ன பொருத்தம் இருக்கின்றது?

"அதெல்லாம் சரி, பார்க்க வரும் ஜனங்கள் ஒப்புக்கொள்ள வேண்டாமா?" என்று சிலர் கேட்கின்றார்கள். டி. கே. சண்முகம் என்ற ஆண், கிழவி ஔவையாராக நடித்தார். ஜனங்கள் அவருக்கு ஔவை சண்முகம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1935-ல் கே. பி. சுந்தராம்பாள் என்ற பெண், படத்தில் நந்தனாராக நடித்தார், அதையும் பார்த்தார்கள். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட ஜனங்கள், சேரிப் பிள்ளை ஒருவன் ராஜாவாக வந்தால் மாத்திரமா எழுந்து போய்விடுவார்கள்? ஜனங்கள் மேல் பழி போடுகின்றவர்கள் தங்கள் எண்ணத்தையே ஜனங்கள் வாயில் வைக்கின்றார்கள்.

நம் இயக்க மேடையிலேயே இதற்கு விடை கிடைத்திருக்கின்றது. 1940-களின் நடுவில் தோழர் அண்ணாதுரை "சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்" என்ற நாடகத்தை எழுதினார். சிவாஜி வீரத்தால் நாடு பிடித்தும், பிறவி போதாதென்று பார்ப்பனர்கள் முடி சூட்ட மறுத்ததே அதன் கதை. அதில் சிவாஜி வேஷம் யாருக்குப் போயிற்று? அரச குலத்துக்கா? பணக்காரனுக்கா? அதுவரை நாடகக் கம்பெனியில் பெண் வேஷம் போட்டு வந்த, இருபது வயதும் நிரம்பாத கணேசன் என்ற ஏழைப் பையனுக்குப் போயிற்று. எழுதிய அண்ணாதுரையோ, ராஜ வேஷத்தைத் தமக்கு வைத்துக்கொள்ளாமல், ஜனங்கள் வெறுக்கக்கூடிய காகபட்டர் வேஷத்தை எடுத்துக்கொண்டார். நடிப்பைப் பார்த்த பெரியார் அப்பையனைச் சிவாஜி என்றே அழைத்தார். பிறவியா, திறமையா என்று நாடகம் கேட்ட கேள்விக்கு, வேஷம் கொடுத்த விதமே பதிலாயிற்று.

ஆகவே தோழர்களே! அடுத்த முறை உங்கள் ஊரிலோ பள்ளிக்கூடத்திலோ நாடகம் போடுவீர்களானால் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரே வசனத்தை விரும்புகிறவர் எல்லோருக்கும் கொடுத்துப் பேசச் சொல்லுங்கள். கேட்பவர்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்காரட்டும். நிறமும் தெரியாது, தகப்பன் பெயரும் தெரியாது. கடைசி வரிசைக்கு எவன் குரல் போகின்றது, எவள் சொல்லில் பொருள் விளங்குகின்றது என்பது காதுக்குத் தெரியும். பிறகு இருவர் இருவராக நிறுத்தி, எதிரி பேசும்போது மற்றவர் கவனித்து நிற்கின்றாரா, மரம்போல் நிற்கின்றாரா என்று பாருங்கள். ஒத்திகைக்கு ஒழுங்காக வருகின்றவர் யாரென்றும் பாருங்கள். இவை மூன்றும் உள்ளவருக்கு வேஷத்தைக் கொடுங்கள். நன்கொடை கொடுத்தவருக்கு நாற்காலி கொடுங்கள், ராஜபார்ட்டைக் கொடுக்காதீர்கள்.

இது ஒரு இரவுக் கூத்துதானே என்று அலட்சியமாய் எண்ண வேண்டாம். "உன் முகத்துக்கு அரக்கன்தான்" என்று பத்து வயதில் கேட்ட பிள்ளை, விளக்கு அணைந்து பந்தல் பிரித்த பிறகும் அந்த வேஷத்தைக் கழற்றுவதில்லை. மேடையிலேனும் ராஜாவாகலாம் என்று எண்ணத் துணியாதவன், வெளியில் தன் உரிமையை எப்படிக் கேட்பான்? வேஷத்தைத் திறமைக்குக் கொடுக்கக் கற்ற ஊர்தான், நாளைக்கு வேலையையும் பதவியையும் திறமைக்குக் கொடுக்கும்.