உறக்கம் கலைந்த பிள்ளைகள்

'சிறுபிள்ளைகள்தாமே, நான்கு நாளில் மறந்துவிடுவார்கள்' என்கிறார்கள். மறந்தவர்கள் பெரியவர்கள்தாம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மழலைகளைத் தோளில் சுமந்தபடி மக்கள் இருளில் ஓடினர். கண்ணெரிச்சலையும் மூச்சுத்திணறலையும் மருத்துவர்கள் கவனித்தனர். குழாயை வல்லுநர் குழு ஆராய்ந்தது. அப்பிள்ளைகளின் உறக்கத்தைப் பற்றி விசாரித்தோர் எவர்?

அஞ்சிய ஏழு வயதுப் பிள்ளை 'எனக்கு மனக்கவலை' என்று சொல்வதில்லை. வயிறு வலிக்கிறது என்னும்; பாயை நனைக்கும்; தாயின் முந்தானையை விடாது. இதைப் பிடிவாதமென்று பிரம்பெடுப்போரை வன்மையாகக் கண்டிக்கிறோம். உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. மந்திரித்தால் போதுமென்று நம்மிடம் அழைத்துவரும் பெற்றோரே, செபிக்கிறோம். மனநல மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற அரசின் எண் இரவும் பகலும் கட்டணமின்றிப் பதில் தருகிறது.

அனல்மின் நிலையத்தில் இரவு ஷிப்டு முடித்து மீஞ்சூர் திரும்பும் தந்தைக்கும் மனம்விட்டுப் பேச ஓர் ஆள் வேண்டும். இல்லையேல் அவர் சுமை பிள்ளையின் முதுகில்தான் இறங்கும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு 2022-இல் காலை உணவு தர முன்வந்த அரசு, மனநல ஆலோசகரையும் தரட்டும். ஆண்டு விழாப் பந்தலுக்குப் பணம் திரட்டத் தெரிந்த நம் பள்ளிகளோ, இதற்கு அரசின் ஆணையை எதிர்பார்த்திருக்க வேண்டுவதில்லை.